மூன்றாம் லயம், கடைசி வீடு

கேமரன் மலைக்குப் போகலாம் என்று பேச்செடுத்ததும் பிள்ளைகள் இருவரும் “ஸ்ட்ராபெரி” என்றார்கள். என் வீட்டுக்காரர் “ஸ்டீம்போட்” என்றார். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பி, “நானும் வரட்டா?” என்று கேட்டார்.

எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம். அம்மா பிறந்து வளர்ந்ததே கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் அங்கே போனதில்லை. நாங்கள் போகும்போதெல்லாம் கூப்பிடுவோம். “குளிரு ஒத்துக்காது” என்பார். குளிரில் பிறந்தவருக்குக் குளிர் ஒத்துக்காதாம்! நாங்களும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டோம்.

காரணம் எனக்கு ஓரளவு தெரியும். 1979-இல் நான் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அப்போது அப்பாவும் அம்மாவும் காப்பார் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் இருந்தார்கள். அம்மாச்சி தவறிவிட்டார் என்று தந்தி வந்தது. வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை; கையில் கிடைத்தது மறுநாள். கைக்குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு கிள்ளானிலிருந்து கோலாலம்பூர், புடுராயாவில் இன்னொரு பேருந்து, தாப்பாவில் இறங்கினால் மலைக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விட்டது. மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை பெற்ற தீட்டு என்று அம்மாவை இடுகாட்டுப் பக்கமே விடவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்துவிடும் என்று மறுநாளே கீழே அனுப்பிவிட்டார்கள். தாய்மாமன் பிறகு ஈப்போவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். அதன் பின் மலையில் எங்களுக்கென்று யாரும் இல்லை.

இப்போது அம்மாவுக்கு எழுபது வயது. முழங்கால் வலி, இனிப்பு நீர். “அம்மாவ வெச்ச எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்” என்றார். ஸ்ட்ராபெரிப் பயணம் இப்படித்தான் வேறு பயணமானது.

போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் கேமரன் மலைக்குப் போகாதீர்கள். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே இருப்பது சில கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் இரண்டு மணி நேரம் காடிக்குள் உட்கார்ந்து முன்னால் நிற்கும் காடியின் எண்பட்டையை மனப்பாடம் செய்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இந்த முறை நான் வியாழனும் வெள்ளியும் விடுப்பு எடுத்தேன். பிள்ளைகளுக்கும் பள்ளியில் கடிதம் கொடுத்தோம். அது சரியா என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை வேலை முடிந்து கே.எல். சென்ட்ரலுக்கு நடக்கும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் பருப்பு வடை ஒரு பை வாங்கினேன். அம்மா தன் பங்குக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் முறுக்கும் வெற்றிலை பாக்கும் வாங்கி வைத்திருந்தார். புளிச்சோறு, நெத்திலி சம்பல், அவித்த முட்டை என்று ஒரு சட்டி வேறு. “அங்க கடை இல்லையா?” என்று மகன் கேட்டான். “கடை இருக்கு, கை இருக்கா?” என்றார் பாட்டி.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர் கடந்து தாப்பாவில் வெளியேற வேண்டும். அங்கிருந்துதான் மலைப்பாதை, சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. வளைவு வேண்டாம் என்பவர்களுக்கு ஈப்போ அருகே சிம்பாங் பூலாய் வழி இருக்கிறது. சாலை அகலம், ஆனால் நமக்குச் சுற்று. சொந்தக் காடி இல்லாதவர்கள் டி.பி.எஸ். நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்து பிடிக்கலாம். எப்படிப் போனாலும் இருட்டுவதற்குள் மேலே சேர்ந்துவிடுங்கள். மழையும் பனிமூட்டமும் வந்தால் அந்தப் பாதை பாதையாகவே தெரியாது.

தாப்பாவில் பசியாறினோம். அம்மாவுக்குத் தோசை, எங்களுக்கு ரொட்டி சானாய், சுடச்சுடத் தே தாரிக். மலை ஏறப்போகும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் கேட்கவில்லை. இருபதாவது கிலோமீட்டரில் மகளுக்குக் குமட்டல். அம்மாவின் கைப்பையில் கோடாலித் தைலமும் இஞ்சி மிட்டாயும் தயாராக இருந்தன. லாத்தா இஸ்கண்டார் அருவியில் அரை மணி நேரம் நின்று முகம் கழுவியதும் சரியாகிவிட்டது. சாலையோரத்திலேயே விழும் அருவி. பெரியவர்களும் நடக்காமல் பார்க்கலாம். அதற்கு மேல் ஒராங் அஸ்லி மக்களின் சின்னச் சின்னக் கடைகள். கட்டுக்கட்டாகப் பெத்தாய், போத்தல்களில் தேன். பெத்தாய் திரும்பி வரும்போது வாங்குங்கள். மேலே போகும்போது வாங்கிவிட்டு இரண்டு நாள் விடுதி அறையில் வைத்துக்கொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல.

1885-இல் இந்த மலைகளை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயர்தான் ஊருக்கு நிலைத்துவிட்டது. ஆனால் சாலை வந்தது வெகு காலம் கழித்து, 1930-ஐ ஒட்டி. தேயிலையும் அதே காலத்தில்தான் வந்தது. போ தேயிலை நிறுவனத்தை ஜே.ஏ. ரசல் 1929-இல் தொடங்கினார். கேமரன் வேலி என்ற பெயரில் நாம் வாங்கும் பாரத் தேயிலை 1933-இல் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் நிரை பிடித்துக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அம்மாவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அம்மா சொல்வதைக் கேட்டால் அவர்கள் நட்டதில் பாதி நேரம் அட்டையைப் பிடுங்கிப் போடுவதிலேயே போயிருக்கிறது.

ரிங்லெட் ஏரி வந்ததும் அம்மா காடியை நிறுத்தச் சொன்னார். 1960-களில் மின்சாரத்துக்காக அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. அம்மா சிறுமியாக இருந்தபோது தண்ணீர் நிரம்புவதைப் பார்க்க அவருடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். “பச்சையா இருக்கும்டி. இது என்ன, தே தாரிக் மாதிரி இருக்கு?” என்றார். மலைச்சரிவைச் சீவிப் போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணை நீரைத் திறந்துவிட்டதில் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின. ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மேலே போகப் போகச் சரிவெல்லாம் வெள்ளை நெகிழிக் கூரைகளாகத் தெரிகின்றன. நாம் சந்தையில் மலிவாக வாங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் அவற்றின் கீழேதான் விளைகின்றன. எனவே நான் அதிகம் பேசக் கூடாது.

மதியம் தானா ராத்தாவில் வாழை இலைச் சாப்பாடு. பெரிய சாலையில் இருக்கும் ஸ்ரீ பிரிஞ்சாங் உணவகத்துக்குப் போனோம். பெயர் பிரிஞ்சாங், இருப்பது தானா ராத்தா. முதல் முறை போகிறவர்கள் குழம்பிப் பக்கத்து ஊரில் தேட வேண்டாம். அம்மாவுக்குச் சோற்றைவிடப் பக்கத்து மேசையில் தமிழில் பேசிக்கொண்டிருந்த நாலு பேரைப் பார்த்ததில்தான் மகிழ்ச்சி. “நம்ம ஆளுங்க இன்னும் இருக்காங்க” என்று இரண்டு முறை சொன்னார்.

மாலையில் சுங்கை பாலாஸ். போ நிறுவனத்தின் தொழிற்சாலையும் தேநீர்க் கூடமும் அங்கே இருக்கின்றன. மலைச்சரிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூடத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. சாலை ஒரு காடி போகும் அகலம்தான். எதிரே வேன் வந்தால் பொறுமை வேண்டும். அங்கே போனால் தேநீரோடு ஸ்கோன் சாப்பிடுங்கள். சூடாக இருக்கும்போதே வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவ வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழக்கங்களில் இதை மட்டும் நான் மன்னித்துவிட்டேன்.

அம்மா தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, “இலை நல்லாருக்கு. தூளு பத்தாது” என்றார். லயத்தில் அவர்கள் குடித்தது தூளிலும் கடைசித் தூள். சலித்துப் பிரித்த பிறகு அடியில் நிற்பது. எனாமல் மங்கில் கறுப்பாக ஊற்றி, ஒரு கடி வெல்லம், ஒரு மிடறு தேத்தண்ணி. சம்பளம் போட்ட வாரம் மட்டும் டின் பால். பேத்தி கேட்கக் கேட்க அம்மா சொல்லிக்கொண்டே போனார். பதினாலு வயதில் பேர் பதிந்தது, விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கியது, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளியது, முற்றின இலை கூடையில் இருந்தால் மண்டோர் கத்தியது. கீழே சரிவில் இரண்டு பேர் ஒரு இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிக்கொண்டே போனார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். “வேகமாத்தான் இருக்கு” என்றார். குறையாகச் சொன்னாரா, பாராட்டினாரா என்று தெரியவில்லை.

அன்றிரவு வீட்டுக்காரரின் ஸ்டீம்போட். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஊரில் கொதிக்கும் சூப்புச் சட்டியைச் சுற்றி உட்காருவது சுகம்தான். மாட்டிறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவச் சூப்பும் கேட்டால் தருவார்கள். கீரை, காளான், மீன் உருண்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பதைப் பார்த்த அம்மா, “சமைக்கிற வேலையும் நம்மளுது, காசும் நம்மளுதா?” என்றார். பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்க வேண்டும், சிரித்தார்கள்.

மறுநாள் காலைதான் முக்கியமானது. தோட்டம் என்பது தனியார் இடம். நினைத்தபடி உள்ளே போக முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்பே அம்மாவின் தோட்டத்து அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லியிருந்தேன். எடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். “எந்த வருசம் அடக்கம் பண்ணது?” என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. “வாங்கக்கா. பழைய ஆளு ஒருத்தரு இருக்காரு, அவரக் கேட்டுப் பாப்போம்” என்றார்.

அந்தப் பெரியவருக்கு எண்பது இருக்கும். கம்பளிக் குல்லா, ரப்பர் சப்பாத்து. அம்மாவைப் பார்த்ததும் பெயரைக் கேட்கவில்லை.

“எந்த லயம்மா?”

“மூணாம் லயம். கடைசி வீடு.”

“கடைசி வீடா… தண்ணி பீலி பக்கத்துலயா? மருந்தடிக்கிறவரு வீடு?”

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நாற்பத்தாறு ஆண்டு கழித்து, அவருடைய அப்பாவை அறிந்த ஒருவர்.

மூன்றாம் லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் சிமெண்டு வீடுகள். வாசலில் வங்காளதேசத்துப் பையன்கள் சிலர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அம்மாவைப் பார்த்து சலாம் சொன்னான். தண்ணீர்ப் பீலி இருந்த பாறை மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். பாசி வழுக்கியது. மகன் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

இடுகாடு அதற்கும் மேலே ஒரு திட்டில். அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய ஏற்றம். முக்கால் மணி நேரம் நின்று நின்று போனோம். மேலே போனால் புல்லும் பெரணியும் இடுப்பளவு. பெயர் எழுதிய கல் நாலைந்துதான் இருந்தன. மற்றதெல்லாம் மேடும் பள்ளமும். பெரியவர் தடியால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். “அந்த வருசத்துல செத்தவங்கள இந்த வரிசையிலதான் வெச்சோம். இதுலேருந்து அந்தச் சவுக்கு மரம் வரைக்கும். எதுன்னு என்னால சொல்ல முடியலம்மா, பொய் சொல்லக் கூடாது” என்றார்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று அம்மாவை இங்கே விடாததற்குக் கையில் இருந்த குழந்தைதான் காரணம், அது நான்தான் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஒரு முறையும் அம்மா அதைச் சொன்னதில்லை.

அம்மா வரிசையின் ஒரு முனையில் உட்கார்ந்தார். பையைத் திறந்து வாழை இலைத் துண்டு, வெற்றிலை பாக்கு, பிரிக்பீல்ட்ஸ் வடை, மேரி பிஸ்கட்டு எடுத்து வைத்தார். பிளாஸ்கில் தேத்தண்ணி. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து விடுதிக் கெட்டிலில் வெந்நீர் வைத்துப் போட்டிருக்கிறார், வீட்டிலிருந்து கொண்டு வந்த தூளில். ஒரு குவளை ஊற்றி வைத்துவிட்டுச் சூடம் கொளுத்தினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை என் மகள் தன் குளிர்ச்சட்டையால் மறைத்துக்கொண்டாள்.

“யாருக்குன்னு தனியா வேணாம். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே” என்றார் அம்மா.

அழவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த வடையைப் பெரியவருக்கும் பங்கு வைத்தார். அவர் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “டவுன் வடை” என்றார், பெரிய மரியாதையோடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் பிள்ளைகள் கேட்ட ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குப் போனோம். புளிப்புதான், ஆனால் தானே பறித்ததால் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. கியா பார்ம் சந்தையில் சோளம் வாங்கினால் ஒன்றைப் பச்சையாகவே கடித்துப் பாருங்கள், அவ்வளவு இனிப்பு. பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு மாலை பூசை நேரத்தில் போவது நல்லது. அப்படியே இரவுச் சந்தையில் பொரித்த சர்க்கரைவள்ளியும் அப்பம் பாலிக்கும் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பலாம். நடக்கத் தெம்புள்ள இளைஞர்களுக்கு எண் போட்ட காட்டுப் பாதைகள் இருக்கின்றன. தனியாகப் போகாதீர்கள். தாய்லாந்துப் பட்டுக்குப் பேர்போன ஜிம் தாம்சன் 1967-இல் இங்கே விடுமுறைக்கு வந்து, நடக்கப் போகிறேன் என்று வெளியே போனவர்தான், இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியாது. 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாசிக்காட்டை மகன் பார்க்க ஆசைப்பட்டான். அடிக்கடி மூடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மழை விடவில்லை.

சனிக்கிழமை இறங்கும்போது அம்மா முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்றைக் காட்டினார். பழைய பேருந்து மூச்சு வாங்க நின்ற இடம், கல்யாணமாகி இறங்கும்போது அவர் வாந்தி எடுத்த இடம். பெத்தாய் வாங்க மறக்கவில்லை. அது கிள்ளான் வரை காடியில் மணந்துகொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். தோட்ட நிர்வாகத்துக்கு. அந்த வரிசையில் சின்னதாக ஒரு கல் வைக்க அனுமதி வேண்டும், செலவு எங்களுடையது. கல்லில் அம்மாச்சி பெயர் மட்டும் போதுமா என்று கேட்டேன். “அந்தத் தாத்தாகிட்ட வரிசைல இருக்கிறவங்க பேரெல்லாம் கேளு. எத்தன ஞாபகம் இருக்கோ அத்தனையும் போடுவோம்” என்றார். பெரியவர் அலுவலகப் பெண் மூலமாக இதுவரை ஒன்பது பெயர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிர்வாகத்திடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

வந்தால் பள்ளி விடுமுறைக்கு முன்பே போய்வந்துவிட வேண்டும். இந்த முறை பிரிக்பீல்ட்ஸ் வடை இரண்டு பையாக வாங்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. ஒன்று அந்தப் பெரியவருக்கு.